கீரைக்குப் பேரம், சேதாரத்துக்கு மௌனம்

(கரூரில் நூலக வாசகர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பேச்சுக்குக் 'குடும்பமும் சிக்கனமும்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். சிக்கனத்தைக் கரூர்க்காரர்களுக்கு வெளியூரிலிருந்து ஒருவன் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. தறிக்கூடத்திலும் தையல் கூடத்திலும் வேலை பார்த்து, சனிக்கிழமை வாங்கிய வாரச் சம்பளத்தை வாடகைக்கு, பாலுக்கு, பிள்ளைகளின் வேன் கட்டணத்துக்கு, ஊரில் இருக்கும் மாமியாரின் சர்க்கரை மாத்திரைக்கு என்று தனித்தனியாக எடுத்து வைக்கிற பெண்கள் இந்தக் கூட்டத்திலேயே பாதிப் பேர் இருப்பீர்கள். உங்களுக்குத் தெரியாத சிக்கனம் எனக்கும் தெரியாது. என் புகார் வேறு. சின்னச் செலவில் காட்டுகிற கறாரை நாம் பெரிய செலவில் காட்டுவதில்லை.

கீரைக்கார அம்மாவிடம் கட்டுக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லி வெயிலில் நின்று பேசுவோம். அன்று மாலையே ஜவஹர் பஜாரில் ஐந்து சவரன் சங்கிலி எடுப்போம். சேதாரம் எத்தனை சதவீதம் என்று கேட்க மட்டும் கூச்சமாக இருக்கும். கடைக்காரர் குளிர்பானம் கொடுத்துவிட்டாரே, எப்படிக் கேட்பது! சவரன் ஒரு லட்சம் என்று வைத்துக்கொண்டால் சங்கிலி ஐந்து லட்சம். சேதாரத்தில் ஒரே ஒரு சதவீதம் குறைத்துக் கேட்டிருந்தால் 5,000 ரூபாய். ஆயிரம் கட்டுக் கீரைக்குப் பேரம் பேசி மிச்சம் பிடிக்கிற காசு அது. கீரைக்கார அம்மாவை விட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு குடும்பம் தலை நிமிர்வதும் தடுமாறுவதும் மாதாந்திர மளிகைப் பட்டியலால் அவ்வளவாக நடப்பதில்லை. ஆயுளில் ஐந்தாறு முறை எடுக்கிற முடிவுகள்தான் அதைத் தீர்மானிக்கின்றன. என்ன கடன் வாங்கினோம், வீட்டை எப்போது வாங்கினோம், கல்யாணத்தை எப்படி நடத்தினோம், பிள்ளையை எங்கே சேர்த்தோம், காப்பீடு என்று எதில் கையெழுத்துப் போட்டோம் என்பவைதான் அவை. இந்த முடிவுகளை நாம் காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு எடுப்பதில்லை. சந்தோஷத்தில் எடுப்போம், இல்லாவிட்டால் பயத்தில் எடுப்போம். விற்பவருக்கு இது நன்றாகத் தெரியும்.

கடனிலிருந்து தொடங்குகிறேன். நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், எனக்கு வசதியான இடம் அதுதான்.

நம் ஊர்ப் பேச்சில் வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதத்துக்கு எவ்வளவு என்று கணக்கு. 'ரெண்டு வட்டிக்கு வாங்கினேன்' என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். 'மூணு வட்டி' என்றால் 36. வங்கிக்காரன் ஆண்டுக் கணக்கில் பேசுவான். அதனால் 'பேங்கில் பன்னிரண்டு கேட்கிறான், நம்ம ஆள் ரெண்டுக்கே தருகிறார்' என்று ஏமாறுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வங்கியின் பன்னிரண்டு நம் கணக்கில் ஒரு வட்டி. கடன் அட்டையில் நிலுவை வைத்தால் பல வங்கிகள் மாதத்துக்கு மூன்றரை சதவீதம் போடுகின்றன. அது மூன்றரை வட்டி, ஆண்டுக்கு 42 சதவீதம், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. வேறு. தெருமுனை வட்டிக்காரரிடம் மூன்றரை வட்டிக்கு வாங்கு என்றால் சண்டைக்கு வருகிற பையன், பளபளக்கும் அட்டையில் அதே வட்டிக்குக் கைப்பேசி வாங்குகிறான்.

தண்டல் கணக்கைப் பாருங்கள். பத்தாயிரம் ரூபாய் கடன். ஆயிரத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் தருவார். நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். கேட்டால் 'பத்து பர்சன்ட்தான்' என்பார். ஆனால் முதல் நாளிலிருந்தே நீங்கள் திருப்பித் தரத் தொடங்கிவிடுகிறீர்கள். ஒன்பதாயிரமும் நூறு நாள் உங்கள் கையில் இருப்பதில்லை. கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 75 சதவீதத்தைத் தாண்டும். 2003இல் தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. சட்டம் இருக்கிறது, தண்டலும் இருக்கிறது. காலை ஐந்து மணிக்கு உழவர் சந்தைக்கு வெளியே வியாபாரம் தொடங்குகிறவருக்கு அந்த நேரத்தில் வேறு யாரும் பணம் தருவதில்லை என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அவரை நான் குறை சொல்லமாட்டேன். மாதச் சம்பளக்காரர் தண்டல் வாங்கினால் சொல்லுவேன்.

இதன் படித்த அண்ணன்தான் 'ஃபிளாட் ரேட்'. ஒரு லட்சம் கடன், 12 சதவீதம், மூன்று வருடம் என்பார்கள். மூன்று வருட வட்டி 36,000. மொத்தம் 1,36,000. மாதம் 3,778 ரூபாய் தவணை. அசல் மாதாமாதம் குறைகிறது, வட்டியோ முழு லட்சத்துக்கும் கடைசி மாதம்வரை போடப்படுகிறது. வங்கி வீட்டுக் கடனுக்குப் போடுவதுபோல் குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் இந்தப் பன்னிரண்டு உண்மையில் 21 சதவீதத்துக்கு மேல். இதைக் கண்டுபிடிக்க நீங்கள் கணக்குப் பாடம் படிக்கத் தேவையில்லை. 2024 அக்டோபர் முதல் தேதியிலிருந்து, வங்கியும் நிதி நிறுவனமும் தனிநபர் கடன் எதற்கும் முக்கிய விவர அறிக்கை என்ற தாளைக் கொடுத்தே தீர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. எல்லாக் கட்டணத்தையும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்ற ஒரே எண் அதில் இருக்கும். கையெழுத்துப் போடுமுன் அந்தத் தாளைக் கேளுங்கள். 'அதெல்லாம் அப்புறம் வரும் சார்' என்று சொன்னால் நீங்களும் அப்புறம் வாருங்கள்.

வட்டியில்லாத் தவணை என்ற விளம்பரத்தையும் இதோடு முடித்துவிடுகிறேன். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. வட்டி பொருளின் விலைக்குள் இருக்கும், அல்லது ரொக்கம் கொடுத்தால் கிடைத்திருக்க வேண்டிய தள்ளுபடியில் இருக்கும். கடையில் 'ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்?' என்று கேட்டால் பாதி உண்மை வெளியே வந்துவிடும்.

அடுத்து நகை. இங்கே நான் ஜாக்கிரதையாகப் பேச வேண்டும். 2024 தொடக்கத்தில் 50 ஆயிரத்துக்குக் கீழே இருந்த சவரன், 2025 முடிவதற்குள் ஒரு லட்சத்தை எட்டியது. 'நகை எதுக்கு, பேங்கில் போடலாம்' என்று சொன்ன கணவன்மார்கள் இரண்டு வருடமாக வாயைத் திறப்பதில்லை. நியாயம்தான். ஆனால் 2012க்கும் 2018க்கும் இடையில் தங்கம் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது என்பதையும் நினைவில் வையுங்கள். ஏறியதைப் பார்த்து ஓடிப்போய் வாங்குகிறவர்கள் அந்த ஆறு வருடத்தை மறந்துவிடுகிறார்கள்.

தங்கம் வேறு, நகை வேறு. 12 சதவீதம் சேதாரம், அதற்கு மேல் மூன்று சதவீதம் ஜி.எஸ்.டி. என்றால், நூறு ரூபாய்த் தங்கத்துக்கு 115 ரூபாய்க்கு மேல் கொடுக்கிறீர்கள். விற்கப் போனால் அந்தப் பதினைந்து ரூபாயை யாரும் தரமாட்டார்கள். போட்டு அழகு பார்க்கிற ஆசைக்கு அது விலை என்று தெரிந்து கொடுத்தால் எனக்கு மறுப்பே இல்லை. மனிதர்கள் ஆசைப்படத்தான் வேண்டும். அதைச் சேமிப்பு என்று கணக்கில் எழுதக்கூடாது, அவ்வளவுதான். வேலைப்பாடு மிகுந்த ஆரத்தை விட வேலைப்பாடு இல்லாத வளையலுக்குச் சேதாரம் குறைவு. மகளுக்காகச் சேர்க்கிறவர்கள் இதை நினைவில் கொள்ளலாம்.

நகைக்கடைச் சீட்டுகள் ஏன் பதினொரு மாதத்தில் முடிகின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? 2014இல் வந்த கம்பெனி வைப்பு விதிகளின்படி, பொருள் தருவதற்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் ஈடுகட்டிவிட்டால் அது வைப்புத்தொகை ஆகாது. அதனால்தான் பதினொரு மாதம். வைப்புத்தொகை இல்லை என்றால் வைப்புத்தொகைக்கான பாதுகாப்பும் இல்லை. கடை மூடினால் நீங்கள் வரிசையில் நிற்க வேண்டியவர். சேதாரச் சலுகை உண்மையானதுதான், ஆனால் தெரிந்த கடையில் தாங்கக்கூடிய தொகைக்கு மேல் போகாதீர்கள். ஏலச்சீட்டும் அப்படித்தான். 1982ஆம் ஆண்டுச் சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவு செய்த சீட்டு ஒன்று, பக்கத்து வீட்டு அக்கா பிடிக்கிற பதிவில்லாத சீட்டு இன்னொன்று. அக்கா நல்லவராகவே இருக்கலாம். அவரிடம் சீட்டு எடுத்தவர் நல்லவரா என்பதுதான் கேள்வி.

நகையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் போகமுடியாது. அவசரத்துக்குக் கூட்டுறவு வங்கியிலோ மற்ற வங்கிகளிலோ அடகு வைத்து ஒரு வட்டிக்கும் குறைவாகப் பணம் புரட்ட முடிகிற ஒரே சொத்து, பல குடும்பங்களுக்கு அதுதான். நடு இரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற வீட்டில் அதன் அருமை தெரியும்.

கல்யாணச் செலவு பற்றி அறிவுரை சொல்லி யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. அதனால் அறிவுரை சொல்லவில்லை, மொய்யைப் பற்றி மட்டும் சொல்கிறேன். புதுக்கோட்டைப் பக்கமும் பேராவூரணிப் பக்கமும் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடக்கும். கறி விருந்து போட்டு, நோட்டில் பெயர் எழுதி, பணம் வாங்குவார்கள். வட்டி கிடையாது. அடுத்த முறை அவர் வைக்கும் விருந்தில் வாங்கியதைத் திருப்பிச் செய்து, மேலே கொஞ்சம் புது மொய்யும் வைக்க வேண்டும். கிணறு வெட்டவும் கடை வைக்கவும் வங்கிக்குப் போகாமல் முதல் திரட்டிய மக்களின் ஏற்பாடு அது, கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. அங்கே எல்லாருக்கும் ஒன்று தெரியும், மொய் கடன். நாம் மண்டபத்தில் மொய்ப் பணத்தை எண்ணி, 'வசூல் பரவாயில்லை' என்று மண்டப வாடகைக்கே கொடுத்துவிடுகிறோம். மொய் நோட்டில் இருப்பது வருமானம் இல்லை. அடுத்த பத்து வருடத்துக்கு உங்கள் வீட்டுச் செலவுக் கணக்கு அது.

வீட்டுக்கு வருகிறேன். சொந்த வீட்டுக்கு எதிராக நான் பேசப்போவதில்லை. வாடகைக்கு வீடு கேட்டுப் போய் 'எத்தனை பேர், என்ன ஆளுங்க, மாட்டுக்கறி சாப்பிடுவீங்களா' என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லிய குடும்பத்திடம் வாடகைதான் லாபம் என்று கணக்குக் காட்டினால் அடிக்க வருவார்கள். சொந்த வீட்டில் நிம்மதிக்கு விலை உண்டு. எவ்வளவு விலை என்று தெரிந்து வாங்குங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

அறுபது லட்சத்துக்கு ஒரு தனி வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். முத்திரைத்தாள் ஏழு சதவீதமும் பதிவுக் கட்டணம் இரண்டும் சேர்த்து 5 லட்சத்து 40 ஆயிரம் பத்திர அலுவலகத்துக்கே போய்விடும். நாற்பது லட்சம் கடன், எட்டரை சதவீதம், இருபது வருடம் என்றால் மாதத் தவணை 34,713 ரூபாய். முதல் மாதம் அதில் வட்டிக்கு 28,333 போகும். அசலில் கழிவது 6,380. நாற்பது லட்சத்தில் பாதியை அடைக்க ஏறக்குறைய பதினான்கு வருடம் ஆகும். இருபது வருட முடிவில் நீங்கள் கட்டியது 83 லட்சத்துக்கு மேல். அதே வீட்டின் வாடகை மாதம் பதினைந்தாயிரம்தான் இருக்கும்.

இந்தக் கணக்கைப் பார்த்து வாங்காமல் இருங்கள் என்று சொல்லவில்லை. இருபத்தாறு வயதில், எந்த ஊரில் வேலை நிலைக்கும் என்று தெரியாத நிலையில், 'வாடகை வீண்' என்று மாமனார் சொன்னதற்காக வாங்காதீர்கள். முப்பத்தைந்து வயதில் கையில் மூன்றில் ஒரு பங்கு பணத்தோடு வாங்குங்கள். வாங்கிய பிறகு வருடத்துக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால் இருபது வருடக் கடன் மூன்று வருடத்துக்கு மேல் குறையும். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் வங்கி அபராதம் போட முடியாது. தீபாவளி போனஸுக்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியவில்லை.

காப்பீட்டில் நம்மை மாட்டிவிடுவது பெரும்பாலும் சொந்தக்காரர்தான். மாமா மகன் ஏஜென்ட் ஆகிவிட்டால் குடும்பமே கையெழுத்துப் போட வேண்டும். வருடம் 50 ஆயிரம் வீதம் இருபது வருடம் கட்டுங்கள், பதினேழு லட்சத்துக்கு மேல் கிடைக்கும் என்பார். பத்து லட்சம் கட்டிப் பதினேழு லட்சம் என்றதும் காது குளிர்கிறது. அது ஆண்டுக்கு ஐந்து சதவீதம்தான். அதே பணத்தை அஞ்சலகத்தில் பொது வருங்கால வைப்பு நிதியில், இப்போதிருக்கும் 7.1 சதவீதத்தில் போட்டிருந்தால் 22 லட்சம். பெண் குழந்தைக்குப் பத்து வயதுக்குள் செல்வமகள் கணக்குத் தொடங்கினால் வட்டி இதைவிடக் கூடுதல். உயிருக்குக் காப்பீடு வேண்டும் என்றால், இறந்தால் மட்டும் பணம் தரும் டேர்ம் பாலிசியைத் தனியாக எடுங்கள், சேமிப்பைத் தனியாகச் செய்யுங்கள். 'உயிரோடு இருந்தால் ஒன்றும் கிடைக்காதே' என்று கேட்பீர்கள். உயிரோடு இருப்பது போதாதா? மாமா மகனுக்கு வேறு வகையில் உதவி செய்யுங்கள்.

மருத்துவச் செலவுக்கு, ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் உள்ளவர்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை வாங்கி வைத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு அட்டைக்கு அலைகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் வருமானம் உள்ளவர்கள் குடும்ப மருத்துவக் காப்பீடு எடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை.

பள்ளியைப் பற்றிச் சுருக்கமாக. எல்.கே.ஜி.க்கு 60 ஆயிரம் கட்டணம், வருடத்துக்கு எட்டு சதவீதம் ஏறுகிறது என்றால், பன்னிரண்டாம் வகுப்பு முடிய பதினான்கு வருடத்தில் ஒரு பிள்ளைக்குப் பதினான்கரை லட்சம். வேன், சீருடை, டியூஷன் தனி. சேர்க்கும் நாளில் யாரும் இந்த மொத்தத்தைப் பார்ப்பதில்லை, முதல் வருடத்தை மட்டுமே பார்க்கிறோம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. அப்படிப் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. பக்கத்து அரசுப் பள்ளியை ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, அதன் பிறகு வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சேர்த்த பணத்தை எங்கே வைப்பது? 1906 அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலானது. வெள்ளைக்காரன் கம்பெனி என்று நம்பி ஓய்வூதியக்காரர்களும் விதவைகளும் போட்ட பணம் போனது. முதலாளி சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைக்குப் போனார். அந்தச் சூட்டில்தான் மறுவருடம் இந்தியன் வங்கி பிறந்தது. அதற்குப் பிறகு 1990களின் நிதி நிறுவனங்கள், 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்புத் திட்டம் என்று நாம் விடாமல் ஏமாந்துகொண்டுதான் இருக்கிறோம். ஈமுவில் போட்டவர்கள் படிக்காதவர்கள் இல்லை. மாதா மாதம் பணம் வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரரைப் பார்த்துப் போட்டவர்கள்.

இந்த ஊரில் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியின் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2020 நவம்பரில் அது டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்டது. சில நாட்கள் 25 ஆயிரத்துக்கு மேல் எடுக்க முடியவில்லை என்றாலும், வைப்புத்தொகை வைத்திருந்தவர்களின் பணம் முழுதாக வந்தது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. தாத்தா வாங்கிய பங்கு என்று பெட்டியில் பூட்டி வைத்திருந்த குடும்பங்கள் இந்த ஊரிலேயே உண்டு. ஒரே வங்கியில் வைத்த பணம், ஒன்று வந்தது, இன்னொன்று போனது. பங்குச் சந்தைக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஒரே கம்பெனியில், அதுவும் நம் ஊர்க் கம்பெனி என்ற பாசத்தில், மொத்தத்தையும் வைக்கக்கூடாது. வங்கி வைப்புத்தொகைக்கு 2020 பிப்ரவரி முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம்வரை காப்பீடு உண்டு. அதற்கு மேல் இருந்தால் இரண்டு வங்கிகளில் பிரித்து வையுங்கள்.

கேள்வி நேரத்தில் நீங்கள் கேட்பதற்கு முன் நானே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இவ்வளவையும் யார் செய்வது? நம் வீடுகளில் சின்னச் செலவு அம்மாவிடமும் பெரிய முடிவு அப்பாவிடமும் இருக்கின்றன. என்ன கடன் இருக்கிறது என்று மனைவிக்குத் தெரியாது, எந்தச் சீட்டில் பணம் இருக்கிறது என்று கணவருக்குத் தெரியாது. கீரைக்குப் பேரம் பேசத் தெரிந்தவரை நகைக்கடையிலும் வங்கியிலும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேச விடாமல் இருந்தால் நஷ்டம் குடும்பத்துக்குத்தான். இருவரும் சேர்ந்து ஒரே தாளில் எல்லாக் கடனையும், அதன் ஆண்டு வட்டியையும், எல்லாச் சேமிப்பையும் எழுதுங்கள். அதிக வட்டிக் கடனை முதலில் அடையுங்கள். 42 சதவீதக் கடன் அட்டை நிலுவையை வைத்துக்கொண்டு ஏழு சதவீதத்துக்கு வைப்புத்தொகை போட்டிருக்கும் வீடுகள் ஏராளம்.

கடைசியாக ஒரு வேலை கொடுக்கிறேன். பத்து வருடம் யாரும் தொடாத வைப்புத்தொகையை வங்கிகள் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்கு அனுப்பிவிடும். 2024 மார்ச் முடிவில் அந்த நிதியில் இருந்தது 78,213 கோடி ரூபாய். உங்கள் வீட்டுப் பணமும் அங்கே போய்ச் சேராமல் இருக்க, இந்த வாரமே பாஸ்புக்குகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் வாரிசு நியமனம் இருக்கிறதா, இருக்கும் பெயர் சரியானதா என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன் தொடங்கிய கணக்கில் இன்னும் அப்பா பெயரே இருக்கும். மாற்றுவதற்கு வங்கியில் ஒரு படிவம் கொடுத்தால் போதும், கட்டணம் கிடையாது.